மும்பையின் ஊர்மனை வீடுகள்

மும்பை நகரமாக விரிந்து சூழ்ந்துகொள்வதற்கு முன்பே அங்கிருந்த மீனவர், உழவர் குடியிருப்புகளின் வீடுகளை ஊர்மனை வீடுகள் எனலாம். மராத்தியில் இத்தகைய பழைய ஊர்கள் காவ்டாண் என்றும், மீனவர் ஊர்கள் கோலிவாடா என்றும் பெயர் பெற்றவை. தாராவி கோலிவாடா, செம்பூர் காவ்டாண், பாந்த்ராவின் ரன்வார், கிர்காவின் கோத்தாச்சிவாடி ஆகியவற்றில் பழைய அமைப்பின் சுவடுகள் இன்றும் உள்ளன. தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடா காலத்தால் பிந்தியது. ஆயினும், தொழிலும் குடித்தனமும் ஒரே கூரைக்குள் நடக்கும் கிராம வீட்டின் இலக்கணத்தை இன்று அங்கேதான் முழுதாகப் பார்க்க முடிகிறது.

தாராவி என்றதும் தோல் பதனிடும் தொழிலையும் திருநெல்வேலிக்காரர்களையும் நினைப்பது தமிழர் வழக்கம். அவர்கள் வருமுன்பே மாஹிம் கழிமுகத்தின் கரையில் கோலி மீனவர்கள் வாழ்ந்தனர். 1909-இல் வெளியான பம்பாய் அரசிதழ்த் தொகுப்பு, நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. கோலி வீட்டின் முகப்பு உயர்ந்த திண்ணை. வலை பழுதுபார்ப்பதும் மீன் கூறுபோடுவதும் அங்கேதான். அதற்குப் பின் நடு அறை, கடைசியில் அடுக்களை. கொங்கணத்தின் பழைய வீடுகளில் கார்வி என்னும் செடியின் தண்டுகளை நெருக்கிக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்பினர். நம் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த இச்செடி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். கூரை முதலில் ஓலை, பிறகு நாட்டு ஓடு. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், மேற்குக் கரையெங்கும் மங்களூர் ஓடு பரவியது. கழிமுகம் தூர்ந்தும் மாசடைந்தும் மீன்பிடிப்பு ஒடுங்க, திண்ணைகள் அறைகளாயின. மாடிகள் எழுந்தன. ஆயினும் சந்துகளின் போக்கும் ஹோலி மைதானமும் பழைய ஊரைக் காட்டிக்கொடுக்கின்றன.

செம்பூர், பாந்த்ரா காவ்டாண்களில் வாழ்பவர்களில் பலர் ஈஸ்ட் இந்தியன் கிறித்தவர்கள். போர்த்துகீசியர் காலத்தில் மதம் மாறிய கொங்கண மக்களின் வழிவந்தோர். அவர்களுடைய வீடுகளில் மரத் தாழ்வாரமும் மேல்மாடமும் உண்டு. மாடிப்படி வீட்டுக்கு வெளியே அமைந்திருக்கும். உள்ளே இடம் வீணாகாது. மாடியைத் தனியே வாடகைக்கு விடவும் வசதி. தெருமுனைச் சிலுவைகளுள் சில 1896-இல் பரவிய பிளேக் காலத்தவை.

மாட்டுங்காவின் கதை வேறு. அதே பிளேக்கின் விளைவாக 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியை நேர்த் தெருக்களாக வகுத்தது. தென்னிந்தியர் குடியேறிய அடுக்குக் கட்டடங்கள் அந்தத் திட்டத்தில் எழுந்தவை.

கும்பார்வாடாவுக்கு வருவோம். சௌராஷ்டிரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த குயவர்கள், நகரம் வளர வளர வெளியே தள்ளப்பட்டு 1930-களில் தாராவியில் நிலைபெற்றனர். இங்கு வீடு நீண்டு ஒடுங்கியது. இரு முனையிலும் வாசல். தெருப்பக்கம் கடை, நடுவில் குடித்தனம், பின்புறம் சக்கரமும் மண்குவியலும். பின்வாசல் திறப்பது பல வீடுகளுக்கும் பொதுவான முற்றத்தில். பானைகள் அங்கே காயும். பானை சுடும் செங்கல் கட்டுமானச் சூளைகளும் அங்கேயே. விறகுக்குப் பதில் பஞ்சுக் கழிவை எரிப்பதால் கரும்புகை எழும். அண்டை வீட்டாரின் முணுமுணுப்பு நியாயமானதே. மண் லாரியில் வருகிறது, சுவர் சிமென்ட் ஆகிவிட்டது, மேலே பரணும் மாடியும் ஏறிவிட்டன. ஆனால் வரைபடம் மாறவில்லை. நகர ஆய்வாளர்களான ராகுல் ஸ்ரீவாஸ்தவாவும் மத்தியாஸ் எஷனோவும் இத்தகைய வீட்டைத் தொழிற்கருவியாகவே பார்த்து, 'டூல் ஹவுஸ்' என்று பெயரிட்டனர்.

வாழ்வும் பிழைப்பும் ஒரே கூரைக்குள் அடங்கிய வீடு வேறு நாடுகளிலும் உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஆர்னால் ஊரின் 'கருப்பு வீட்டில்' மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். நடுவில் கணப்பு, புகைபோக்கி கிடையாது. குடியிருப்போர் வெளியேறிய பிறகு அது அருங்காட்சியகமானது. கும்பார்வாடாவை அப்படிக் காக்க முடியாது. சக்கரம் நின்றால் அந்த வீட்டு அமைப்புக்கே பொருளில்லை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏலத்தை அதானி குழுமம் வென்றது. தங்கள் ஊரைக் குடிசைப் பகுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கோலிகள் வாதிட்டு வருகின்றனர். குயவர்கள் முன்வைப்பது இன்னும் நேரடியான கேள்வி: அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு கிடைத்தாலும், பொது முற்றமும் சூளையும் எந்தத் தளத்தில் வரும்?