லேண்ட்ஸ் எண்ட் விமான நிலையம்: புல்தரையிலிருந்து தார்ப்பாதை வரை

இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு லேண்ட்ஸ் எண்ட், அதாவது 'நிலத்தின் முடிவு' என்று பெயர். கார்ன்வால் பகுதியில், செயின்ட் ஜஸ்ட் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள சிறிய விமான நிலையத்துக்கும் அப்பெயரே வழங்குகிறது. முனையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கடலில் சில்லி தீவுகள் உள்ளன. அத்தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் செல்வதே இந்நிலையத்தின் முதன்மையான பணி. பயணம் ஏறத்தாழ 20 நிமிடம். 2014 வரை இதன் ஓடுபாதைகள் வெறும் புல்தரையாகவே இருந்தன.

புல்தரை என்றதும் ஏழ்மை என்று எண்ண வேண்டாம். லண்டனின் முதன்மை விமான நிலையமாக விளங்கிய கிராய்டனும் புல்தரைதான். மரமும் துணியும் கொண்டு செய்த அக்கால விமானங்கள் எடை குறைந்தவை. பக்கவாட்டுக் காற்று அவற்றைத் தள்ளிவிடும். திறந்த புல்வெளியானால் காற்று எத்திசையில் வீசினாலும் அதை எதிர்கொண்டு ஏறலாம், இறங்கலாம். லேண்ட்ஸ் எண்டிலும் பல திசைகளில் ஓடுபாதைகள் வகுக்கப்பட்டன. எதுவும் ஒரு கிலோமீட்டர் நீளம் இல்லை.

1937இல் இங்கிருந்து சேவை தொடங்கியது. டி ஹாவிலண்ட் டிராகன் என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள் பறந்தன. தீவுகளில் பெரியதான செயின்ட் மேரிஸில் அப்போது விமான நிலையம் கிடையாது; விமானங்கள் கோல்ஃப் மைதானத்தில் இறங்கின. ஆட்டக்காரர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது! 1939இல்தான் அங்கு தனி நிலையம் வந்தது. உடனே உலகப்போரும் வந்தது. போர்க்காலத்திலும் சேவை தொடர்ந்தது. 1941 ஜூனில் ஒரு டிராகன் விமானம் ஜெர்மானிய விமானத்தால் வீழ்த்தப்பட்டு, அதில் இருந்த அனைவரும் இறந்தனர்.

1964இல் ஹெலிகாப்டர் சேவை வந்தது. அது பென்சான்ஸ் நகருக்கு மாறிச் சென்றதும் லேண்ட்ஸ் எண்டின் முக்கியத்துவம் குறைந்தது. 1984இல் ஸ்கைபஸ் நிறுவனம் சிறிய ஐலண்டர் விமானங்களுடன் இங்கு சேவையைத் தொடங்கியது. குறுகிய புல்தரையிலும் ஏறி இறங்கக்கூடிய விமானம் அது.

2012 அக்டோபர் இறுதியில் ஹெலிகாப்டர் சேவை நிறுத்தப்பட்டது. சிக்கல் அப்போதுதான் வெளிப்பட்டது. தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பலான சில்லோனியன் குளிர்காலத்தில் ஓடாது. ஆகவே சுமார் 2,000 தீவுவாசிகளுக்கு ஸ்கைபஸ் விமானங்களே வழி என்றாயிற்று. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் மழை கொட்டியது. மழைக்குப் பின் நம் பள்ளி மைதானங்கள் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே? நீர் ஊறிய புல்தரையில் சக்கரம் புதையும், பிரேக் பிடிக்காது. ஓடுபாதைகளைப் பலமுறை மூட நேர்ந்தது. விமானங்கள் தொலைவிலுள்ள நியூகே நிலையத்துக்கு மாற்றப்பட, பயணிகளைப் பேருந்தில் அங்கு கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

இதை வெறும் பயணத் தொல்லையாகக் கருத முடியாது. பெரிய சிகிச்சை என்றால் நோயாளி கார்ன்வால் பெருநிலத்துக்குத்தான் செல்ல வேண்டும். தீவுகளின் பள்ளியில் 16 வயது வரையே படிப்பு. மேற்படிப்புக்குப் பிள்ளைகள் வெளியே தங்கிப் படிக்கிறார்கள். ஆசிரியராக இருந்த எனக்கு இச்செய்திதான் முதலில் உறைத்தது. விடுமுறைக்கு வீடு வர வேண்டிய பிள்ளையின் பயணம் ஒரு வயலின் ஈரத்தைப் பொறுத்திருந்தது.

2014இல் இரண்டு ஓடுபாதைகளுக்குத் தார்த்தளம் போடப்பட்டது. நீர் தேங்கும் தொல்லை தீர்ந்தது. ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூடுபனி இன்றும் விமானங்களை நிறுத்திவிடுகிறது. 2020இல் பென்சான்ஸிலிருந்து ஹெலிகாப்டர் சேவை மீண்டும் தொடங்கியது.