உலக்கையும் ரேஷன் அரிசியும்

'வாழ்க்கைமுறை நோய்' என்ற சொல்லே பழியைச் சமைப்பவள்மேல் போடுகிறது. தமிழகத்தின் தட்டிலோ அரசின் கையும் உண்டு: 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 2011இல் விலையில்லா அரிசி. பசி தணிந்தது, அது பெரிய வெற்றி. ஆலை அரிசி பெண்ணின் கையிலிருந்து உலக்கையையும் இறக்கியது. ஆனால் கொள்முதலும் பாசனமும் நெல்லையே நாடியதால் கம்பும் வரகும் ஒதுங்கின.

சர்க்கரை நோய்க்கு வெள்ளரிசி மட்டுமே காரணமல்ல. ஆனாலும் 'பாட்டி உணவுக்குத் திரும்பு' என்பவர்கள், அன்று குத்தியது யார் என்று கேட்பதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடுவீடாக மாத்திரை சுமப்பவர்கள் பெண் தன்னார்வலர்களே. 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளுக்குக் கேழ்வரகு வந்தது. திருத்தம் அங்கே தொடங்கட்டும், மருமகளின் அடுப்படியில் அல்ல.