சான்றும் ஐயமும்: கோணமலையும் சந்திரனும்

வரலாற்றாய்வாளன் பெரும்பாலும் தன் கண்ணாற் காணாத நிகழ்ச்சிகளைப் பற்றியே எழுதுகிறான். அவற்றை எவ்வாறு மெய்யெனக் கொள்வது என்ற வினாவுக்குத் திருகோணமலைத் துறைமுகம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர் என்பதை நாம் ஏற்பது பக்தியினால் அன்று. இடித்தவர்களின் ஆவணங்களே அதனைக் கூறுகின்றன. பிரட்ரிக் கோட்டையிற் காணப்படும் கோயிற் கற்களும், 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியிற் கண்ட சிதைவுகளும் அதனை உறுதிசெய்கின்றன. எதிர்த்தரப்பின் வாக்குமூலமும் எஞ்சிய பொருளும் இணங்குமிடத்து ஐயம் நீங்குகிறது.

அதே கிளார்க் 1969 யூலையில் அப்பல்லோ 11இன் பயணத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளக்கவுரை வழங்கினார். அப்பயணம் வெறும் நாடகமே என்ற ஐயத்தை 1976இல் பில் கேசிங் நூலாக்கினார். வியட்நாம் போரிலும் வாட்டர்கேற் விவகாரத்திலும் ஆட்சியாளர் உரைத்த பொய்கள் அம்பலமாகியிருந்த காலம் அது. எனவே, ஐயத்துக்குச் சமூக அடிப்படை உண்டு. ஆயினும், அது பிறந்த காரணம் அதனை மெய்ப்பிக்கும் சான்றாகாது.

முன்னர்க் கூறிய அளவுகோல்களையே இங்கும் பிரயோகிப்போம். சந்திரப் போட்டியிற் பின்தங்கிய சோவியத் ஒன்றியம் அமெரிக்கர் இறங்கியதை மறுக்கவில்லை. அதன் லூனா 15 கலம் அந்நாள்களிற் சந்திரனைச் சுற்றிவந்து, யூலை 21இல் அங்கு மோதி நொறுங்கியது. 1970இல் லூனா 16 ஆளின்றிச் சென்று ஏறத்தாழ 100 கிராம் மண் கொணர்ந்தது. 1971இல் இரு நாடுகளும் தம் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டன. பொய்க்கல்லை ஒப்பிட்டு இனங்காணும் வாய்ப்பு மொஸ்கோவுக்கு இருந்தது என்பது கருதத்தக்கது.

பொருட்சான்றும் குறைவானதன்று. அப்பல்லோவின் ஆறு இறக்கங்களில் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கிடைத்தன. அம்மண்ணை ஆராய்ந்தவருள் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெருமாவும் ஒருவர். 2019இல் இந்தியா ஏவிய சந்திரயான் 2, அப்பல்லோ 11 இறங்கிய இடத்தைப் படம்பிடித்துள்ளது. காற்றற்ற வெளியிற் கொடி பறந்ததேன் என்பர். மேல்விளிம்பிற் செருகிய கிடைக்கோலே அதனை விரித்து நிறுத்தியது.

ஏறத்தாழ 2500 கோடி டொலர் அத்திட்டத்துக்குச் செலவானது. வியட்நாமிற் குண்டுமாரி பொழிந்த அரசின் புகழுக்காக அது செலவிடப்பட்டதை விமர்சிப்பது முற்போக்காளர் கடமை. நிகழ்ச்சியையே மறுப்பதோ ஏறத்தாழ 4 இலட்சம் பேரின் உழைப்பை அழித்தெழுதுவதாகும். ஆதிக்கவாதிகளின் ஆவணத்தையும் சிதைந்த கல்லையும் கொண்டே ஒடுக்கப்பட்டோரின் வரலாறு மீட்டெடுக்கப்படுகிறது. அவ்வளவுகோலைக் கைவிட்டால் முதலில் இழப்பவர் அவர்களே.