நகரக் கம்போஸ்ட் வாங்கப் போகிறீர்களா? லோடு இறக்கும் முன் இதைப் படியுங்கள்

மாடுகள் குறைந்ததால் தொழு உரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் விலை அதிகம். இந்த நிலையில், நகரங்களின் மக்கும் குப்பையில் இருந்து தயாராகும் நகரக் கம்போஸ்ட் நல்ல மாற்றுதான். ஆனால் குப்பைக் கிடங்கில் இருந்து லாரியில் வருவதெல்லாம் கம்போஸ்ட் ஆகிவிடாது. எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பார்ப்போம்.

குப்பை ஒப்பந்தம் எப்படி நடக்கிறது?

பல நகரங்களில் குப்பையைக் கையாள்வது அரசும் தனியாரும் சேர்ந்த கூட்டு முறையில் நடக்கிறது. மாநகராட்சி அல்லது நகராட்சி இடத்தையும் குப்பையையும் கொடுக்கும். தனியார் நிறுவனம் ஆலை அமைத்துப் பல ஆண்டுகள் நடத்தும். பல ஒப்பந்தங்களில், கையாளும் ஒவ்வொரு டன் குப்பைக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு. கம்போஸ்ட் விற்பனை அதற்கு மேல் வரும் வருமானம்.

எடைக்குத்தான் பணம் என்றால், குப்பையை வேகமாக நகர்த்துவதில்தான் ஆலையின் முதல் அக்கறை இருக்கும். உரத்தின் தரம் அதற்கு அடுத்ததாகப் போய்விடலாம். அதனால் தரத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'இது தரம் பிரித்து வாங்கிய குப்பையா, கலந்த குப்பையா?' வீடுகளிலும் காய்கறிச் சந்தையிலும் தனியே வாங்கிய கழிவில் தயாரான உரம் சுத்தமாக இருக்கும். கலந்த குப்பையைச் சலித்து எடுத்த உரத்தில் கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக், பேட்டரியில் இருந்து வரும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். கன உலோகம் மண்ணில் சேர்ந்துவிட்டால் பிறகு எடுப்பது மிகக் கடினம்.

சட்டம் சொல்லும் தரம்

1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்ட்டுக்கும் தர அளவு உண்டு. ஆய்வறிக்கையில் இவற்றைப் பாருங்கள்:

• ஈரப்பதம்: 15 முதல் 25 சதவீதம்
• அங்ககக் கரிமம்: குறைந்தது 12 சதவீதம்
• கரிமம், தழைச்சத்து விகிதம்: 20-க்குள்
• கார அமில நிலை: 6.5 முதல் 7.5
• உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்: 4-க்கு மேல் கூடாது
• ஒரு கிலோ உரத்தில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50 மில்லிகிராம், நிக்கல் 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது

கன உலோக அளவு இந்த வரம்பைத் தாண்டிய கம்போஸ்ட்டை உணவுப் பயிர்களுக்கு இடக்கூடாது.

அறிக்கை எந்தத் தொகுதி உரத்துக்கு உரியது என்றும், எந்த மாதம் எடுத்தது என்றும் கேளுங்கள். பழைய அறிக்கையைக் காட்டிப் புதிய லோடு இறக்குவதை ஏற்க வேண்டாம். மத்திய அரசு 2016-ல் நகரக் கம்போஸ்ட் விற்பனைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. இப்படிப்பட்ட உதவித்தொகை விற்பனையை ஊக்குவிக்கத்தான். 'மானிய உரம்' என்பது தரச்சான்று ஆகாது.

வீட்டிலேயே செய்யும் மூன்று சோதனைகள்

1. ஒரு கைப்பிடி உரத்தை இறுக்கிப் பிடியுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

2. லேசாக ஈரமாக்கிய உரத்தை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மண்வாசனை வந்தால் நல்லது. அழுகல் வாடையோ காரமான அமோனியா நெடியோ வந்தால் சரியாக மக்கவில்லை. மக்காத உரத்தை வயலில் இட்டால், நுண்ணுயிர்கள் அதை மக்கவைக்க மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகும்.

3. ஒரு தொட்டியில் வெறும் மண், இன்னொன்றில் மூன்று பங்கு மண்ணுடன் ஒரு பங்கு கம்போஸ்ட். இரண்டிலும் 20 பச்சைப்பயறு விதை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் கம்போஸ்ட் தொட்டியில் முளைப்பு தெளிவாகக் குறைந்தால் அந்த உரம் வேண்டாம்.

இந்தச் சோதனைகளில் கன உலோகம் தெரியாது. அதற்கு ஆய்வக அறிக்கைதான் ஆதாரம்.

இலவசமாக வரும் குப்பைமேட்டு மண்

சென்னை பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற இடங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் பணி தொடங்கப்பட்டது. இப்படிச் சலிக்கும்போது கிடைக்கும் கறுப்பு மண் கம்போஸ்ட் அல்ல. அதில் உப்பும் கன உலோகமும் நுண்ணிய பிளாஸ்டிக்கும் இருக்கக்கூடும். இத்தகைய மண்ணை யாராவது 'இலவச எரு' என்று கொட்ட வந்தால், ஆய்வறிக்கை இல்லாமல் வயலில் இறக்க விடாதீர்கள்.

எவ்வளவு சத்து கிடைக்கும்?

தழைச்சத்து 0.8 சதவீதம் உள்ள ஒரு டன் கம்போஸ்ட்டில் 8 கிலோ தழைச்சத்து இருக்கும். இது சுமார் 17 கிலோ யூரியாவில் உள்ள அளவு. அதிலும் முதல் பருவத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். ஆகவே இதை யூரியாவுக்கு மாற்றாக எண்ணாமல், தொழு உரத்துக்கு மாற்றாக, மண்ணின் அங்ககச் சத்தைக் கூட்டப் பயன்படுத்துங்கள். மற்ற உரங்களை மண் பரிசோதனைப்படி இடுங்கள்.

முதல் முறை முழு வயலிலும் இட வேண்டாம். பத்து சென்ட்டில் கடைசி உழவில் அடியுரமாக இட்டு ஒரு பருவம் பாருங்கள். உவர் நிலத்திலும் நாற்றங்காலிலும் தவிர்ப்பது நல்லது. உரத்தைக் கையாளும்போது கையுறையும் செருப்பும் கட்டாயம்.

பில்லை வாங்கி வையுங்கள். லோடிலிருந்து இரண்டு கிலோ மாதிரியைத் தேதி எழுதிக் கட்டி வையுங்கள். சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உப்பு, கார அமில நிலை பார்க்க அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகலாம்.