இன்ஃபுளுவென்சா கண்காணிப்பு

ஒரு வட்டாரத்தில் ஃபுளூவும் அதையொத்த சுவாச வைரஸ் நோய்களும் எப்போது கிளம்புகின்றன, எவ்வளவு பரவுகின்றன, எந்த வகை வைரஸ் சுற்றுகிறது என்று வாரந்தோறும் கணக்கெடுக்கும் பொதுச் சுகாதாரப் பணி. நோயாளிகள் அனைவரையும் எண்ணுவது நடவாத காரியம். பெரும்பாலோர் கசாயமும் பாராசிட்டமாலுமாக வீட்டிலேயே தேறிவிடுவார்கள்.

வரலாறு: வைரஸ் என்றால் என்னவென்று தெரியாத காலத்திலேயே இப்பணி தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்துவந்த வில்லியம் ஃபார், 1847 இறுதியில் லண்டனில் ஃபுளூ பரவியபோது, அந்நோயின் பெயரில் பதிவான இறப்புகளோடு நிற்கவில்லை. அப்பருவத்தில் வழக்கமாக நேரும் இறப்புகளை மொத்தத்திலிருந்து கழித்து, சுமார் 5,000 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணித்தார். நிமோனியா, மூச்சுக்குழல் அழற்சி என்றெல்லாம் எழுதப்பட்டவற்றில் ஃபுளூவின் பங்கு இவ்வாறு வெளிப்பட்டது. இம்முறை இன்றும் பயன்படுகிறது. 1963-இல் அமெரிக்காவின் செர்ஃப்ளிங் இதற்குச் சமன்பாடு அமைத்தார்.

மனித இன்ஃபுளுவென்சா வைரஸ் 1933-இல் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்பு 1952-இல் உருவானது. இந்தியாவில் இன்ஃபுளுவென்சா மையமாக இயங்கியது நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ஆசிய ஃபுளூ நாட்டுக்குள் நுழைந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். இறப்புகளோ ஆயிரத்துச் சொச்சம். ஃபாரின் முறையில் கணக்கிட்டிருந்தால் இந்த இரண்டாம் எண் இவ்வளவு சிறிதாக இருந்திராது.

முறை: தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சலும் இருமலுமாகப் பத்து நாட்களுக்குள் நோய்கண்டு வருவோர் கணக்கில் சேர்வர். அவர்களில் சிலரின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஊடகத் திரவம் உள்ள குப்பியில் குச்சியை ஒடித்துப் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நூறு மாதிரிகளில் எத்தனை பாசிட்டிவ் என்பதே வாராந்தர அளவு. முன்பு கருவுற்ற கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள், இப்போது ஆர்டி-பிசிஆர்.

பருவம்: ஸ்ரீநகரில் ஜனவரி–மார்ச், டெல்லியில் தென்மேற்குப் பருவமழைக் காலம், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி.

இன்றைய நிலை: ஒரே மாதிரியில் ஃபுளூ, கோவிட், ஆர்எஸ்வி (இன்னொரு சுவாச வைரஸ்) மூன்றையும் சோதிக்கிறார்கள்; சில நகரங்களில் கழிவுநீரையும் பரிசோதிக்கிறார்கள். இணையத் தேடல்களைக் கொண்டு கூகுள் 2008-இல் தொடங்கிய கணிப்பு, மிகையாகச் சொல்லிப் பெயர் கெட்டு 2015-இல் நிறுத்தப்பட்டது.