ஜான் டேவி (படை மருத்துவர்)

ஜான் டேவி (24 மே 1790 – 24 ஜனவரி 1868) பிரித்தானியப் படையின் மருத்துவர், இரசாயனவியலர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றினார். ஊவாக் கிளர்ச்சியின்போது இங்கே படையோடு இருந்தவர், போர் ஓய்ந்ததும் அதே மலைநாட்டைச் சுற்றிப் பார்த்தார். 1821இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், தேயிலைக்கும் கோப்பிக்கும் முந்திய மலைநாடு எப்படி இருந்தது என்று அறிய நமக்குக் கிடைத்துள்ள அரிய சான்று. சுரங்கத் தொழிலாளரின் காவல் விளக்கை ஆக்கிய சேர் ஹம்பிரி டேவியின் தம்பி என்றே இவரை உலகம் அறியும். மலையக வரலாறு படிப்பவர்களுக்கு அண்ணனைவிடத் தம்பியே வேண்டியவர்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள பென்சான்ஸ் இவர் பிறந்த ஊர். இளமையில் அண்ணனின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தார். 1812இல் கார்பன் மோனொக்சைட்டையும் குளோரினையும் கலந்து வெயிலில் வைத்தபோது புதியதொரு வாயு உண்டாவதைக் கண்டு, ஒளியால் பிறந்தது என்ற பொருளில் அதற்குப் பாஸ்ஜீன் என்று பெயரிட்டார். 1814இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றுப் படையில் சேர்ந்தார். இலங்கைக்கு வந்த கப்பலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. உடன் வந்தவர்களின் நாவடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, வெப்ப நாடுகளை நெருங்க நெருங்க மனித உடலின் சூடு சற்றே ஏறுவதைக் குறித்துக்கொண்டார்.

அவர் வந்த மறு ஆண்டே ஊவாவில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. 1817 கடைசியில் தொடங்கி 1818 நவம்பர் வரை நீடித்த அந்தப் போரில் ஊர்கள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது. பிரித்தானியப் படையினரில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுளைச்சலாலும் மாண்டவர்களே அதிகம். வெற்றி பெற்ற படை தன் இழப்பை மட்டும் எண்ணுவதுதான் வழக்கம். டேவி மறுதரப்பையும் எண்ணிப் பார்த்தார். தம் பக்கத்தில் சுமார் 1,000 பேர் என்றால், போரிலும் தூக்கிலும் நோயிலும் பஞ்சத்திலும் இறந்த மலைநாட்டு மக்கள் அதைப் போலப் பத்து மடங்கு, 10,000 பேர்வரை இருக்கலாம் என்று எழுதினார். கண்டி நாட்டுக்குள் நாம் நுழைந்ததே தவறோ என்று வருந்தும் தொனியும் அந்தப் பக்கங்களில் உண்டு. அரசின் சம்பளத்தில் இருந்த ஒருவர், போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் இதை அச்சில் ஏற்றினார். இதற்காகவே அவரை மதிக்க வேண்டும். கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவின் மண்டையோட்டு ஆய்வுச் சங்கத்துக் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த காலமும் இதுதான். அது திரும்பி வந்து 1954இல்தான் கண்டியில் அடக்கம் செய்யப்பட்டது.

1817இல் டேவி சிவனொளிபாதமலை ஏறினார். இன்று ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வழியாகப் போகும் கூட்டம் அன்று இல்லை. அவர் ஏறியது இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து. உச்சியில் பாதச் சுவட்டை அளந்தார்: நீளம் ஐந்தடிக்குச் சற்று மேல். ஆனால் நூலின் அந்தப் பகுதியில் மனத்தில் நிற்பது அளவு அல்ல. வழிபாடு முடிந்ததும் மனைவி கணவனையும், பிள்ளைகள் பெற்றோரையும், இளையோர் மூத்தோரையும் வணங்கி, வெற்றிலை மாற்றிக்கொண்டார்களாம். அந்த அன்பைப் பார்த்துத் தாம் நெகிழ்ந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

நுவரெலியாவை 1819இல் ‘கண்டுபிடித்தவர்’ என்று வழிகாட்டி நூல்கள் இவரைச் சொல்வது பொருந்தாது. இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அந்தப் பெயரைத்தான் அவரும் எழுதிவைத்தார். அவர் கண்டது குளிர்ந்த புல்வெளி. அத்தகைய வெளியைச் சிங்களத்தில் பத்தன என்பார்கள். தலவாக்கலைக்கு அருகே பத்தனை என்று ஓர் ஊரே உண்டு. அன்று நுவரெலியாவில் மனிதக் குடியிருப்பு இல்லை, எங்கு பார்த்தாலும் யானைத் தடம். பத்தே ஆண்டுகளில் தேசாதிபதி பான்ஸ் அங்கே நோயுற்ற படையினர் உடல் தேறுவதற்கான இல்லத்தை அமைத்தார்.

பாம்புக்கடி பற்றிய அவருடைய சோதனைகளும் இந்த ஆண்டுகளில் நடந்தவையே. நாகம், கண்ணாடி விரியன், கோப்பி விரியன் ஆகியவற்றைக் கோழிகளையும் நாய்களையும் கடிக்கவைத்து, நஞ்சு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தார். கடிவாயில் ஒட்டவைக்கும் விஷக்கல்லைச் சோதித்தபோது ஒன்று சுட்ட எலும்பாகவும் மற்றொன்று விலங்கின் வயிற்றில் விளையும் கல்லாகவும் இருந்தன. எதிலும் முறிக்கும் ஆற்றல் இல்லை. கோப்பி விரியனைப் பற்றி இன்றும் எச்சரிக்கை வேண்டும்: இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி மருந்து அதன் நஞ்சுக்குப் பயன்படாது. கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் வெறுங்கால்களுக்கும் இது சாதாரணச் செய்தி அல்ல.

1820இல் இலங்கையை விட்ட பிறகு மால்ட்டாவிலும் அயோனியத் தீவுகளிலும் பணி செய்தார். 1829இல் ரோமில் அண்ணன் நோயுற்றுக் கிடந்தபோது மால்ட்டாவிலிருந்து விரைந்து போய், மே மாதம் ஜெனீவாவில் அவர் உயிர் பிரியும்வரை உடனிருந்தார். பின்னர் அவரது வரலாற்றை எழுதி, படைப்புகளையும் தொகுத்தார். 1830இல் மார்கரெட் பிளெட்சரை மணந்தார். 1845 முதல் 1848 வரை பார்படோசில் இருந்தார். அடிமைமுறை ஒழிந்தபின் மேற்கிந்தியத் தீவுகள் எப்படி இருந்தன என்பது பற்றி 1854இல் ஒரு நூல் வெளியிட்டார். படை மருத்துவமனைகளின் தலைமைக் கண்காணிப்பாளர் என்ற பதவிவரை உயர்ந்தார்.

கடைசிக் காலத்தை இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஆம்பிள்சைட் அருகே கழித்தார். ஆற்றில் தூண்டில் போடுவதில் அவருக்குத் தணியாத ஆசை. அதைப் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். 1862இல், முதுமையிலும், படையினரைத் தாக்கும் முக்கிய நோய்கள் பற்றி நூல் வெளியிட்டார். 1868 ஜனவரியில், 77ஆம் வயதில் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் மலைநாட்டின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். டேவி பெயரிட்ட வாயு 1915இல் ஐரோப்பியப் போர்முனைகளில் ஆயுதமாயிற்று. முதல் உலகப் போரில் நச்சு வாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலோர் பாஸ்ஜீனால் இறந்தவர்களே.