உளி வைத்த புள்ளி, அச்சு வைத்த புள்ளி

செஞ்சி பஜாரில் நான் பிளாஸ்டிக் சாமான் விற்கிறேன். என் அப்பா தெருத்தெருவாகப் போய் அம்மி கொத்தினவர். அவர் பிழைப்பைக் கெடுத்த சரக்கையே மகன் விற்கிறான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழுவழுப்பான பரப்பில் புள்ளி வைத்துப் பிடிமானம் உண்டாக்கும் வேலைதான் இரண்டும்.

அரைக்க அரைக்க அம்மி தேயும். தேய்ந்த அம்மியில் மிளகாய் நழுவி ஓடுமே தவிர அரைபடாது. அப்பா உளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியால் சீராகத் தட்டிக்கொண்டே போவார். கல் மறுபடி சொரசொரப்பாகிவிடும். எப்போது கொத்த வேண்டும் என்று அரைக்கிற பெண்ணின் கைக்கே தெரியும். கூப்பிட்டு அனுப்புவாள்.

செஞ்சிக் கோட்டையிலும் அதே கருங்கல்தான். கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து கிடக்கும். அந்தக் காலத்தில் அதன்மேல் கிடந்த பாலத்தை இழுத்துக்கொண்டால் யாரும் மேலே போக முடியாது. 1677இல் கோட்டையைச் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். கொடி மாறினாலும் தானியத்தையும் வெடிமருந்தையும் மனிதர்கள்தான் சுமந்து ஏறினார்கள். அத்தனை கால்கள் பட்டுப் படிகளின் நடுப்பகுதி வழவழவென்று ஆகிவிட்டது. மழை நாளில் ஏறினால் நான் ஓரமாகத்தான் கால் வைப்பேன். கால் அதிகம் படாத ஓரத்தில் கல் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.

பாலிஎத்திலீன் 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிடைத்தது. நம் ஊரில் அது குடமாக வந்து இடுப்பில் ஏறியது. பித்தளைக் குடத்தின் வடிவம், அதில் ஒரு சிறு பங்கு எடை. அப்பா ஒவ்வொரு கல்லாகப் புள்ளி வைத்தார். மோல்டிங்கில் இரும்பு அச்சில் ஒருமுறை வெட்டிவிட்டால் போதும், வருகிற பாத்ரூம் மேட் எல்லாவற்றிலும் அதே புள்ளி இருக்கும்.

அந்தப் புள்ளியையே வழிகாட்டியாக்கியவர் ஜப்பானியர் செய்இச்சி மியாகே. பார்வையற்றோர் காலால் தடவி அறியும் தரைக்கல்லை 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக்கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நின்று கவனிக்க வேண்டும். புடைப்பு சுமார் 5 மில்லிமீட்டர்தான், ஆனால் காலுக்கும் கோலுக்கும் அது போதும். முதலில் சிமென்டில் வார்த்தார்கள், பின்னால் பிளாஸ்டிக்கிலும் வந்தது. சென்னை மெட்ரோ நிலையங்களில் தரையில் ஓடும் மஞ்சள் பட்டை இதுதான்.

அச்சில் வந்த புள்ளியும் தேயும். சோப்பு அழுக்கு படிந்தால் மேட்டும் வழுக்கும். கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், புள்ளி தட்டுப்படாவிட்டால் மாற்றிவிடுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்புவேன். மஞ்சள் பட்டையின்மேல் பைக்கை நிறுத்திவிட்டால் பட்டை இருந்தும் இல்லாததுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி நிறையப் பேர் வருவார்கள், பார்வையற்றவர்களும் வருவார்கள். மலைமேல் முடியாவிட்டாலும், அடிவாரத்துச் சமதரையில் கல்யாண மகால் வரைக்கும் அந்த மஞ்சள் பட்டை போல ஒரு தடம் போடலாம். போடுவதற்கு முன்பே, வருஷா வருஷம் அதைக் காலால் தடவிப் பார்த்து மாற்ற வேண்டியவர் யார் என்று டெண்டரில் எழுதிவிட வேண்டும்.